சீட்டை வைத்துக் கழித்தல் பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எட்டாம் நம்பர் சீட்டு ஒன்றை எடுத்து, கழித்தல் கற்கத் தொடங்கியிருக்கும் குழந்தையிடம் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். "பத்து" என்று பதில் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். என் மகள் அப்படித்தான் சொன்னாள். "சரியா எண்ணு" என்று இரண்டு முறை அதட்டிவிட்டு, அப்புறம்தான் சீட்டை உற்றுப் பார்த்தேன். நடுவில் பெரிதாக 8 ஆட்டின். மேல் மூலையில் எண்ணுக்கு அடியில் குட்டியாக ஒன்று, கீழ் மூலையில் தலைகீழாக இன்னொன்று. ஆக மொத்தம் 10. அவள் எண்ணியதில் பிழையே இல்லை.

பெரும்பாலான கட்டுகளில் இப்படித்தான் இருக்கும். எண்ணை விட்டுவிட்டு அந்தக் குட்டிப் படத்தை மட்டும் துண்டுக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டால் போதும். இதைச் செய்யாமல் ஆட்டத்துக்குள் போவதுதான் முதல் தவறு. ஏனென்றால் சீட்டில் இருக்கும் அந்தப் படங்கள்தான் கழித்தலுக்குப் பெரிய உதவி. 8-இல் 3 போனால் எத்தனை என்று தெரியாத குழந்தை, மூன்று படங்களை விரலால் மூடிவிட்டு மீதியைப் பார்த்துக்கொள்ளலாம். எண் மட்டும் எழுதிய அட்டையில் அந்த வசதி கிடையாது.

அடுத்து, விடை தப்பாக வந்தால் உடனே சரியான விடையைச் சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் பொறுத்து, குழந்தை எப்படி எண்ணுகிறது என்று கேளுங்கள். 9-இல் 3 கழிக்கச் சொன்னால் சில குழந்தைகள் மூன்று விரலை மடக்கிக்கொண்டே "ஒன்பது, எட்டு, ஏழு" என்று எண்ணி, "ஏழு" என்பார்கள். தொடங்கிய எண்ணையும் கணக்கில் சேர்த்துக்கொண்டதால் விடை ஒன்று கூடிவிட்டது. ஒரு குழந்தையின் விடைகள் திரும்பத் திரும்ப ஒன்று கூடுதலாக வருகிறதா? காரணம் அநேகமாக இதுதான். "ஆறு" என்று நூறு தரம் சொல்லிக்கொடுத்தாலும் இது சரியாகாது. 9 சீட்டைக் கையில் கொடுத்து, ஒரு படத்தை மூடியதும் "எட்டு", இன்னொன்றை மூடியதும் "ஏழு", மூன்றாவதை மூடியதும் "ஆறு" என்று சொல்ல வையுங்கள். முதல் விரல் மூடிய பிறகுதான் வாய் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். பலரும் விளையாடுவது இது: ஜாக்கி, ராணி, ராஜாவை எடுத்துவிட்டு, ஏஸை 1 என்று வைத்துக்கொண்டு, மீதி 40 சீட்டையும் கலைத்துப் போடுவார்கள். ஆளுக்கு இரண்டு சீட்டைத் திருப்ப வேண்டும். பெரியதில் சிறியதைக் கழித்து, யாருக்கு அதிகம் வருகிறதோ அவர் எல்லாச் சீட்டையும் எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஆட்டம், எனக்கும் பிடிக்கும். ஆனால் இதை மட்டுமே மாதக்கணக்கில் விளையாடிவிட்டு, கழித்தல் முழுவதும் பழகிவிட்டது என்று நம்பிவிடக் கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 சீட்டில் இரண்டை எடுக்க 780 வழிகள் இருக்கின்றன. அதில் 444 வழிகளில் வித்தியாசம் 3 அல்லது அதற்கும் கீழே. அதாவது நூற்றுக்குச் சுமார் 57 முறை விடை 0, 1, 2, 3 என்ற நான்குக்குள் முடிந்துவிடும். 7, 8, 9 மூன்றும் சேர்ந்தே நூற்றுக்குப் பன்னிரண்டு முறைதான் வரும். 13-இல் 8, 15-இல் 7 போன்றவை வரவே வராது, ஏனென்றால் மேலே இருக்கும் எண் 10-ஐத் தாண்டுவதில்லை. பூஜ்யமும் கட்டில் இல்லை, ஆகவே 7-இல் 0 கழித்தால் என்ன என்ற கேள்வியையே குழந்தை சந்திப்பதில்லை. பள்ளியில் தடுமாறுவது பெரும்பாலும் இந்த விடுபட்ட கணக்குகளில்தான்.

இதற்கெல்லாம் புதுக் கட்டு வாங்கத் தேவையில்லை. ஜோக்கரை 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சீட்டு ஒன்றை நடுவில் நிரந்தரமாகப் போட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு சீட்டைத் திருப்புங்கள். 3 வந்தால் 13. இன்னொன்று திருப்பி, அதைக் கழிக்கச் சொல்லுங்கள். 8 வந்தது என்றால், 10-இல் 8 போக 2, பக்கத்தில் சும்மா இருக்கும் 3-ஐச் சேர்த்தால் 5. பத்தும் மூன்றும் தனித்தனிச் சீட்டாகக் கண்ணெதிரே கிடப்பதால், இந்த வழியைக் குழந்தைகள் தாமாகவே கண்டுபிடிப்பதும் உண்டு. ஆனால் இதற்கு முன்னால் 10-க்குள் இருக்கும் கணக்குகள் கைவந்திருக்க வேண்டும். தொடக்கத்தில் 1 முதல் 5 வரை உள்ள சீட்டுகளே போதும். முழுக் கட்டையும் முதல் நாளே இறக்குவது வேண்டாம்.

ஆட்ட விதியைச் சொல்லும்போது நம் வாயில் ஒரு வாக்கியம் வந்துவிடும்: "எப்பவும் பெரிய நம்பர்லேர்ந்து சின்ன நம்பரைத்தான் கழிக்கணும்." இதை நான் மிகவும் கவலையோடு சொல்கிறேன், தயவுசெய்து இப்படிச் சொல்லாதீர்கள். குழந்தை இதை அப்படியே மனதில் பதித்துக்கொண்டு, பின்னால் 42-இல் 17 கழிக்கும்போது, 2-இல் 7 போகாது, ஆகவே 7-இல் 2 என்று திருப்பிப் போட்டு 35 என்று எழுதும். சரியான விடை 25. கடன் வாங்கிக் கழிக்கத் தெரியவில்லை என்று அப்போது திட்டுவோம். விதையைப் போட்டதில் நமக்கும் பங்கு உண்டு. "இந்த ரெண்டு சீட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்?" என்று கேளுங்கள். ஆட்டம் அதேதான், தவறான விதி மட்டும் மனதில் ஏறாது. வித்தியாசம் என்று கேட்கும்போது 9-க்கும் 7-க்கும் நடுவில் பின்னோக்கி ஏழு எண்ண வேண்டியதில்லை, "எட்டு, ஒன்பது" என்று இரண்டு படி மேலே போனால் போதும் என்பதும் புரியும்.

வேகப் போட்டி வேண்டவே வேண்டாம். யார் முதலில் கத்துகிறாரோ அவருக்குச் சீட்டு என்று வைத்தால், மூத்த பிள்ளை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும். சின்னது இரண்டாவது சுற்றிலேயே யோசிப்பதை நிறுத்திவிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லும். ஆளுக்கொரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கழித்தலைக் கூட்டலோடு சேர்க்காமல் தனியாகவே பழக்குவதும் தவறு. 3, 5, 8 மூன்றும் ஒரே குடும்பம் (3-உம் 5-உம் 8 என்றால், 8-இல் 3 போனால் 5, 5 போனால் 3) என்று தெரிந்த குழந்தைக்கு மனப்பாடம் செய்யும் பாரம் பாதி குறையும். இதற்கு மூன்று பேர் ஆடும் நெற்றிச் சீட்டு நல்லது. இருவர் ஆளுக்கொரு சீட்டை எடுத்து, தாம் பார்க்காமல், நெற்றியில் வைத்து மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும். மூன்றாமவர் இரண்டையும் பார்த்துக் கூட்டி, "பதினொன்று" என்பார். எதிரில் இருப்பவரின் நெற்றியில் 4 தெரிகிறது. அப்படியானால் என் சீட்டு? 11-இல் 4 போனால் எவ்வளவு என்ற கணக்கைத்தான் குழந்தை போடுகிறது, ஆனால் அதன் கவனமெல்லாம் தன் நெற்றியில் இருப்பதைக் கண்டுபிடிப்பதில். மொத்தம் 20 வரை போகும் என்பதால் முன்பு விடுபட்ட, 10-ஐத் தாண்டும் கணக்குகளும் இதில் வந்துவிடும்.

பத்து, பதினைந்து நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள். இன்னும் ஒரு ஆட்டம் என்று கெஞ்சும்போதே எடுத்து வைத்துவிடுவது நல்லது. அன்றைக்குத் தடுமாறிய இரண்டு மூன்று ஜோடிகளை மட்டும் கட்டின் மேலே வைத்து ரப்பர் பேண்ட் போட்டுவிட்டால், மறுநாள் கட்டைப் பிரித்ததும் முதலில் கைக்கு வருவது அவைதான்.