எலிங்டனை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

அமெரிக்க ஜாஸ் இசையமைப்பாளரும் குழுத் தலைவருமான டியூக் எலிங்டனைக் கேட்கணும் என்று யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது, 'சிறந்த பாடல்கள்' தொகுப்புகள் பக்கம் போகாதீர்கள் என்பதுதான். ஐம்பது வருடப் பதிவுகளைக் கலந்துகட்டிக் கொடுத்திருப்பார்கள்; எல்லாமே ஒரே பழைய நடன இசை மாதிரி காதில் விழும். எலிங்டன் பியானோக்காரர்தான், ஆனால் எழுதியதெல்லாம் தன் குழுவில் இருந்த குறிப்பிட்ட ஆட்களுக்காக. அதனால் ஆளைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

முதலில் 1930-இல் பதிவான 'மூட் இண்டிகோ'. ஹெட்போன் அவசியம். தொடக்கத்தில் மூன்று கருவிகள் சேர்ந்து மெதுவாக நகரும். வழக்கப்படி கிளாரினெட் மேலே, டிரம்பெட் நடுவில், டிராம்போன் அடியில் இருக்க வேண்டும். இங்கே மியூட் (ஒலியை அடக்கும் அடைப்பு) செருகிய டிரம்பெட் மேலே, அதை ஒட்டி டிராம்போன் தன் உச்ச சுரங்களில், கிளாரினெட்டோ அதல பாதாளத்தில். முதல் தடவை மொத்தமாகக் கேளுங்கள். அப்புறம் பார்னி பிகார்டின் கிளாரினெட்டை மட்டும் துரத்துங்கள்.

அடுத்து நேராக 1940. 'ஜாக் தி பேர்' பதிவில் ஜிம்மி பிளாண்டனின் பேஸ் (அடிச்சுரம் தரும் பெரிய தந்திக் கருவி) முன்னால் வந்து பேசும். அதுவரை அந்தக் கருவி பெரும்பாலும் பின்னால் நின்று தாளம் போட்டது. 1942-இல், 23 வயதில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்தப் பதிவுகளில் கரகரப்பு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அதை முழுக்கத் துடைத்தெடுத்த பிரதிகளில் பேஸும் சேர்ந்து மெலிந்துவிடுகிறது; எனக்குக் கரகரப்பே மேல்.

சரி, பில்லி ஸ்டிரேஹார்ன். 1939-இல் எலிங்டனிடம் சேர்ந்து, பெரும்பாலும் கடைசிவரை கூடவே இருந்த இசையமைப்பாளர். குழுவின் அடையாளப் பாட்டான 'டேக் தி ஏ டிரெயின்' அவர் எழுதியது என்பது பலருக்குத் தெரியாது. 1967-இல் அவர் இறந்த பிறகு, அவர் இசையை மட்டுமே வைத்து எலிங்டன் ஒரு ஆல்பம் செய்தார்: 'அண்ட் ஹிஸ் மதர் கால்ட் ஹிம் பில்'. அதில் 'லோட்டஸ் பிளாசம்' தனியாக ஓடட்டும். குழுவினர் மூட்டை கட்டும் பேச்சுச் சத்தம் பின்னால் கேட்கும். எலிங்டன் அவர்பாட்டுக்குப் பியானோ வாசித்துக்கொண்டிருப்பார். ஜானி ஹாட்ஜஸின் ஆல்டோ சாக்ஸபோனுக்காக 'பிளட் கவுண்ட்'டையும் விடாதீர்கள்.

1956 நியூபோர்ட் ஜாஸ் விழாக் கச்சேரியை வாங்கும்போது மட்டும் உஷார். பால் கொன்சால்வெஸ் டெனர் சாக்ஸபோனில் ஒரே பாட்டின் சுற்றை 27 முறை நிற்காமல் வாசித்த இரவு அது. ஆனால் அவர் ஊதியது ரெக்கார்டு கம்பெனியின் மைக்கில் அல்ல, பக்கத்தில் இருந்த வானொலி மைக்கில். பழைய எல்பி இசைத்தட்டில் அவர் எங்கோ தூரத்தில் கேட்பார். சில பகுதிகள் ஸ்டுடியோவில் திரும்ப வாசித்தவை. வானொலி நாடாவையும் சேர்த்துச் சரிசெய்த 1999 பதிப்பைத் தேடி எடுங்கள்.

பியானோவுக்காகவே என்றால் 1962. சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேனோடு செய்ததை முதலில் கேளுங்கள், 'மணி ஜங்கிள்' பிறகு. அதில் பேஸ் வாசிக்கும் சார்லஸ் மிங்கஸும் டிரம்ஸ் வாசிக்கும் மாக்ஸ் ரோச்சும் அவரைச் சீண்டிக்கொண்டே இருக்கிறார்கள். அறுபது தாண்டிய மனிதர் சுத்தியல் மாதிரி பதிலடி கொடுக்கிறார். எடுத்த எடுப்பில் கேட்டால் இது எலிங்டனா என்று நிறுத்திவிடுவீர்கள்.