நெல் விற்ற காசில் கொம்பியூட்டர் புரொசெசர் வாங்க எது நல்ல நேரம்?

நவம்பர் கடைசியில் பிளாக் ஃபிரைடே விலைக்கழிவு என்று பேஸ்புக் முழுக்க விளம்பரம் ஓடும். அந்த நேரம் வன்னியில் பாதி வீட்டுக் காசு உழவுக்கும் விதைநெல்லுக்கும் பசளைக்கும் போய் வயலில் கிடக்கும். கையில் காசு புழங்குவது காலபோகம் வெட்டி நெல் விற்றபிறகு, மாசி பங்குனியில்தான். அதனால் நவம்பரைத் தவறவிடக்கூடாது என்று கடன்பட்டு வாங்க ஓடாதீர்கள். சித்திரை வருஷப்பிறப்புக்கும் கடைகள் கழிவு போடும், எங்களுக்கு அதுதான் தோதான காலம்.

ஆனால் கழிவு என்ற சொல்லை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். தை பிறந்ததும் ஒரு கொப்பி எடுங்கள். வேண்டிய புரொசெசரின், அதாவது கொம்பியூட்டரின் மூளையான சிப்பின், முழுப்பெயரை மேலே எழுதி, வவுனியாவில் ஒரு கடை, பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் இரண்டு கடை என்று கிழமைக்கொருதரம் விலை கேட்டுத் திகதியோடு குறித்து வையுங்கள், 18% வற் வரி சேர்ந்த விலையா என்றும் கேளுங்கள். நான் முதல்தடவை இதைச் செய்யவில்லை. ஒரு கடையில் விலையை ஏற்றிவிட்டு, பிறகு அதைச் சிவப்புக் கோட்டால் வெட்டி, பழைய விலையையே கழிவு என்று எனக்குத் தந்தார்கள். தெரிந்த அண்ணை ஒருவர் அந்தக் கடையின் பழைய விலைப்பட்டியலை வாட்ஸப்பில் காட்டியபோது வயிறு எரிந்தது.

புரொசெசர் வெளிநாட்டிலிருந்து வருவதால் டொலரின் விலையையும் பக்கத்தில் குறியுங்கள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியபோது எந்தக் கழிவும் கைகொடுக்கவில்லை. டொலர் ஏறத் தொடங்கினால் பண்டிகை வரட்டும் என்று காத்திருக்காமல், பழைய விலைச் சரக்கு கடையில் இருக்கும்போதே வாங்கிவிடுவது நல்லது.

புதுத் தலைமுறை வரும் மாதங்களையும் கவனியுங்கள். ஏஎம்டி கம்பனியின் ரைசன் 7000 வந்தது 2022 செப்டெம்பரில், இன்டெல் 14ஆம் தலைமுறை 2023 ஒக்டோபரில், ரைசன் 9000 2024 ஓகஸ்டில். புதுசு வந்தால் கடைக்காரர் பழையதைத் தள்ளிவிடப் பார்ப்பார், படிக்கவும் வீடியோ வெட்டவும் அந்தப் பழையதே தாராளம்.

அப்புறம், புரொசெசர் விலையை மட்டும் பார்த்துவிட்டு, அதைப் பொருத்தும் மதர்போர்டையும் ராம் என்ற நினைவகத்தையும் மறந்துவிடுவோம். ரைசன் 5 5600 பழைய வகையான டிடிஆர்4 ராமோடு ஓடும், ரைசன் 7000க்கும் 9000க்கும் புது வகையான டிடிஆர்5 கட்டாயம். 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தில், புரொசெசரில் 5,000 ரூபா குறைந்தாலும் மற்றப் பக்கத்தால் போய்விடும், ஆகவே மூன்றையும் கூட்டித்தான் கொப்பியில் எழுத வேண்டும். திரையில் படம் காட்டும் கிறாபிக்ஸ் கார்ட் வாங்கக் காசில்லையென்றால் 5600 வேண்டாம், கிறாபிக்ஸ் உள்ளேயே இருக்கும் 5600ஜி எடுங்கள். இன்டெலில் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் அதிலும் கார்ட் இல்லாமல் படம் வராது. எங்கேயாவது விலை அளவுக்கு மீறிக் குறைவாக இருந்தால் பெட்டியா ட்ரேயா என்று கேளுங்கள், ட்ரேயில், அதாவது பெட்டியில்லாமல் வெறும் புரொசெசராக வந்தால், சூட்டைத் தணிக்கும் கூலரைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

கூரியரில் எடுப்பதென்றால் பார்சலைப் பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுங்கள். 5600, 5600ஜி போன்றவற்றில் ஊசிகள் புரொசெசரிலேயே இருக்கும். விளிம்பில் மட்டும் பிடித்து, போன் டோர்ச்சைப் பக்கவாட்டில் அடித்து வரிசை வரிசையாகப் பாருங்கள், ஒரு ஊசி சாய்ந்திருந்தாலும் நிழல் கோணலாக விழும். அப்படியிருந்தால் போர்டில் வைத்து அழுத்தாமல் அன்றைக்கே கடைக்கு எடுத்துச் சொல்லுங்கள்.