4294967297: பெரிய எண்ணை ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297 என்னும் இந்த எண், 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டினால் கிடைப்பது. பெரிய எண்களை ஆராய்வோர் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் பலவும் இந்த ஓர் எண்ணிலேயே அமைந்திருக்கின்றன.

இதன் இலக்கங்களின் கூடுதல் 59 என்பதால் 3-ஆல் வகுபடாது; ஒன்றாம் இலக்கம் 7 என்பதால் 2, 5 இரண்டுக்கும் இடமில்லை; 7, 11, 13 ஆகியவற்றால் வகுத்தாலும் மீதி வருகிறது. இந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டு, இது பகா எண் என்று முடிவுகட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. வர்க்கமூலமான ஏறத்தாழ 65536 வரையுள்ள பகா எண்கள் அனைத்தையும் விலக்கிய பிறகே அப்படிச் சொல்ல முடியும்.

ஒரு வரிசையின் தொடக்கத்தை நம்பி அதன் முழுப் போக்கையும் ஊகிப்பது இன்னும் ஆபத்தானது. பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவே இதில் தவறினார். 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என இரட்டித்து, ஒவ்வொன்றோடும் 1-ஐக் கூட்டும்போது கிடைக்கும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்கள் என்பதைக் கண்டு, இவ்வரிசையில் வரும் எல்லாமே பகா எண்கள் என்று 1640-இல் அவர் கருதினார். அடுத்து வரும் நம் எண்ணே 641-ஆல் வகுபடுகிறது என்பதை 1732-இல் சுவிட்சர்லாந்துக் கணித மேதை ஆய்லர் காட்டினார். இதன் பகாக் காரணி எதுவாயினும் 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகவே இருக்கும் என்பது தெரிந்தால், 193, 257, 449, 577 ஆகியவற்றுக்குப் பின் ஐந்தாவது முயற்சியிலேயே 641 வந்துவிடும்.

வகுத்தலைக் கையால் செய்து பாருங்கள். 4294-இல் 641 ஆறு முறை போக மீதி 448. 4489-இல் ஏழு முறை போக மீதி 2. அடுத்த இலக்கங்களை இறக்கினால் 26, பிறகு 267. இரண்டும் 641-ஐவிடச் சிறியவை என்பதால் ஈவில் இரண்டு சுழியங்கள் இட்டாக வேண்டும். இவற்றை விட்டுவிடுவோருக்கு 6700417-க்குப் பதிலாக 67417 என்ற விடைதான் வரும்.

கணினியை நம்புவோருக்கும் எச்சரிக்கை தேவை. எதிர்ம எண்களுக்கு இடமில்லாமல் 32 இரும இலக்கங்களில் எண்ணைச் சேமிக்கும் குறியற்ற 32 பிட் முழு எண் வகையில் 4294967295 வரைதான் அடங்கும். அதற்குள் இந்த எண்ணை இட்டால், பல நிரல் மொழிகளில் எவ்விதப் பிழைச் செய்தியும் இன்றி 1 மட்டுமே மிஞ்சும். ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்கப் பயன்படும், 2-ஐ அடியாகக் கொண்ட ஃபெர்மா சோதனையிலும் இந்த எண் தேறிவிடுகிறது: 2-இன் 4294967296-ஆம் அடுக்கை இதனால் வகுத்தால், பகா எண்ணுக்கு வருவதுபோலவே, மீதி 1. பகா எண்கள் எல்லாம் தேறும் சோதனையில் தேறியவை எல்லாம் பகா எண்கள் என்று கொள்வது தலைகீழ்த் தர்க்கம்.

இதை 65536-இன் வர்க்கத்தோடு 1-இன் வர்க்கத்தைக் கூட்டியதாக எழுதியதும் பலர் மேற்கொண்டு தேடுவதில்லை. 62264, 20449 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினாலும் இதே எண்தான் வருகிறது. எந்தப் பகா எண்ணையும் இரு வர்க்கங்களின் கூடுதலாக ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் எழுத முடியாது என்பதால், காரணி எதுவும் தெரியாத நிலையிலும், இது பகு எண் என்பதற்கு அந்த இரண்டாவது வழியே போதிய சான்று.