காப்பகப் பணிகளுக்கு மின்னஞ்சல் எச்சரிக்கை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் நாங்கள் பராமரிக்கும் சிறிய காப்பகத்தில், ஸ்கேன் செய்த ஓலைச்சுவடிகளும் பழைய இதழ்களும் கெடாமல் இருக்கின்றனவா என்று ஞாயிறுதோறும் இரவில் ஒரு ஸ்கிரிப்ட் (தானாக இயங்கும் சிறு நிரல்) சரிபார்க்கிறது. ஒவ்வொரு கோப்பின் ஷா-256 செக்சமையும் (கோப்பில் சிறிது மாறினாலும் தானும் மாறிவிடும் அடையாள எண்) புதிதாகக் கணக்கிட்டு, முதல் நாளில் பதிந்து வைத்த மதிப்போடு ஒப்பிட்டு, முடிவை மின்னஞ்சலில் அனுப்புவதே அதன் வேலை. ஓர் ஐப்பசி மழையில் மின்சாரம் போய் வந்த பிறகு சர்வர் தானாக இயங்கத் தொடங்கியது; வெளி ஹார்டு டிஸ்க் மட்டும் இணையவில்லை. ஸ்கிரிப்ட் வெற்று ஃபோல்டரைத் திறந்து பார்த்துவிட்டு, 'பணி முடிந்தது, பிழைகள் 0' என்று மூன்று வாரம் எழுதியது. நாங்களும் அதை நம்பினோம்.

பிழைகளை மட்டும் எண்ணியதே அங்கு நேர்ந்த தவறு. ஃபோல்டரில் கிடைப்பதை வைத்துச் சோதனையைத் தொடங்கினால், காணாமல் போன கோப்பு கணக்கிலேயே வராது. பதிவுப் பட்டியலை வைத்துத் தொடங்கி, இருக்க வேண்டியவை எத்தனை, படிக்கப்பட்டவை எத்தனை, மாறியவை எத்தனை என்ற மூன்று எண்களையும் மின்னஞ்சலின் தலைப்பிலேயே தர வேண்டும். முதல் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அதுவே பிழை.

பிழை நேர்ந்தால் மட்டும் எழுதச் சொல்வது இன்னொரு பெரிய தவறு. சர்வரே நின்றுவிட்டால் எழுத யார் இருக்கிறார்கள்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டதை நெல்லைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். அத்தகைய நாளில் எச்சரிக்கை வராததை நலம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வெற்றிச் செய்தியும் தவறாமல் வர வேண்டும்; திங்கள் காலை எட்டு மணிக்குள் அது வந்து சேராவிட்டால் எச்சரிக்கும் பொறுப்பை வேறு ஊரில் உள்ள ஒரு கணினியிடம் கொடுப்பது நல்லது.

ஆர்சிங்க் என்னும் நகலெடுப்பு நிரலைக் கொண்டு பேக்கப் எடுப்பவர்கள், அதன் வெளியீட்டை, திரையிலும் காட்டிக் கோப்பிலும் எழுதும் டீ (tee) என்னும் கட்டளை வழியாக லாக் கோப்புக்கு அனுப்புவது வழக்கம். அப்போது கட்டளைகளை இயக்கும் பாஷ் நிரலில், தொடரில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயில் அமைப்பை இயக்காவிட்டால், நகலெடுப்பு பாதியில் நின்றிருந்தாலும் கடைசியில் நிற்கும் டீயின் வெற்றிதான் விடையாகத் திரும்பும். ஆர்சிங்க் தரும் 23 என்ற எண்ணுக்குச் சில கோப்புகள் போய்ச் சேரவில்லை என்று பொருள். அதை ஒருபோதும் புறக்கணிக்கக் கூடாது. குறித்த நேரத்தில் பணிகளை இயக்கும் கிரான் நிரலுக்கு எழுதும் வரியின் கடைசியில், எல்லா வெளியீட்டையும் டெவ்-நல்லுக்கு (வந்ததெல்லாம் மறைந்துபோகும் இடம்) தள்ளிவிடும் பழக்கமும் இதே கேட்டைத்தான் செய்கிறது: வெளியீடு இல்லையென்றால் கிரான் மின்னஞ்சல் அனுப்பாது.

செய்தி புறப்பட்டாலும் சேர வேண்டுமே. அனுப்பும் டொமைனுக்கு (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் பதிவு, அதாவது மின்னஞ்சல் உண்மையில் அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் பதிவு, இருக்க வேண்டும் என்று ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல் எதிர்பார்க்கிறது. இல்லாதவை ஸ்பாமில் விழலாம், திருப்பியும் அனுப்பப்படலாம். பணியிட மாற்றம் பெறக்கூடிய ஒருவரின் சொந்த முகவரியைக் கொடுக்காமல், குறைந்தது இருவர் பார்க்கும் பொது முகவரியைக் கொடுங்கள்.

அமைத்த அன்றே சோதித்ததோடு விட்டுவிடுவதும் தவறுதான். நாங்கள் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சோதனைக்கென வைத்திருக்கும் படக்கோப்பில் ஒரே ஒரு பைட்டை மாற்றிவிட்டும், இன்னொரு வாரம் டிஸ்க்கின் இணைப்பை எடுத்துவிட்டும், திங்கள் காலை இருவருக்கும் எச்சரிக்கை வருகிறதா என்று பார்க்கிறோம்.