தண்டையார்பேட்டையிலிருந்து பொலன்னறுவைக்கு: முதுகில் பையோடு முதல் வெளிநாட்டுப் பயணம்

நண்பர்கள் நாலு பேர் கூடினாலே கோவா பேச்சுதான். என்னைக் கேட்டால், முதலில் இலங்கைக்குப் போங்கள். விமானத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரம். சிகிரியா, தம்புள்ளை, பொலன்னறுவை மூன்றும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளவை. தம்புள்ளையில் ஒரே அறையில் தங்கி மூன்றையும் பார்த்துவிடலாம். கண்டி, காலி, எல்ல என்று மற்ற ஊர்களையும் நாலு நாளில் திணிப்பவர்கள் பஸ் ஜன்னலைத்தான் அதிகம் பார்க்கிறார்கள்.

1. காகிதங்கள்

புது பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். வாடகை வீட்டில் இருப்பவர்கள், ஆதாரில் உள்ள முகவரியும் இப்போது குடியிருக்கும் முகவரியும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். போலீஸ் விசாரணையில் நிற்பது பெரும்பாலும் அங்கேதான். பத்தாவது பாஸ் ஆனவர்கள் மார்க் ஷீட்டையும் காட்டிவிடுங்கள். இலங்கைக்கு அது வேண்டியதில்லை; பின்னால் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக நினைத்தால் கைகொடுக்கும். ஏற்கெனவே பாஸ்போர்ட் இருந்தால் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் இ.டி.ஏ. என்கிற ஆன்லைன் அனுமதி. கட்டண விதிகள் அடிக்கடி மாறுவதால், இலங்கை அரசின் தளத்தைத் தவிர வேறெங்கும் பணம் கட்டாதீர்கள்.

2. பணம்

கூட்டத்தில் ஒருவர் பொருளாளர். எல்லோரும் ஒரே தொகையை அவரிடம் கொடுத்துவிடுங்கள். பஸ், அறை, சாப்பாடு எல்லாம் அதிலிருந்துதான். கொஞ்சம் டாலர் எடுத்துப்போய்க் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மாற்றினால் போதும். நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் மூன்றுக்கு மேல் கிடைக்கும். அதற்காக விலையைக் கேட்டதும் துள்ள வேண்டாம், விலையும் அதற்கேற்ப இருக்கும்.

3. பை

மலிவு டிக்கெட்டில் பெரும்பாலும் 7 கிலோ கைப்பைதான். அண்ணாச்சி கடைத் தராசில் ஒரு தடவை வைத்துப் பார்த்துவிடுங்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் லேசான முழுக்கால் சட்டை இரண்டு, தடித்த சாக்ஸ் இரண்டு ஜோடி வாங்குங்கள். சாக்ஸ் எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

நமக்கு அடைமழை கொட்டும் மாதங்களில் அந்தப் பக்கமும் வடகிழக்குப் பருவமழைதான். ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்த்துவிடுங்கள்.

4. போய்ச் சேர்வது

விம்கோ நகர் மெட்ரோ நேராக விமான நிலையத்துக்கே போகிறது, ஆட்டோ பேரமே வேண்டாம். விடியற்காலை விமானம் என்றால் முந்தின இரவு கடைசி ரயிலுக்குள் போய் உட்கார்ந்துவிடுங்கள்.

கட்டுநாயக்காவில் இறங்கியதும் கொழும்புக்குள் நுழைய வேண்டியதில்லை. பக்கத்திலேயே நீர்கொழும்பில் தூங்கிவிட்டு, காலையில் குருநாகல் பஸ், அங்கிருந்து தம்புள்ளை பஸ். இ.போ.ச. என்கிற சிவப்பு அரசு பஸ் மலிவு. ஒன்று கவனம்: டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கை புத்த பிக்குகளுக்கானது. காலியாக இருக்கிறதே என்று ஓடிப்போய்த் துண்டு போடாதீர்கள்.

5. சிகிரியா

காசியப்ப மன்னன் 5-ஆம் நூற்றாண்டில் பாறை உச்சியில் கட்டிய அரண்மனை. ஏறத்தாழ 1,200 படி. வெயில் ஏறுவதற்கு முன் ஏறுங்கள். டிக்கெட் எடுக்கும்போது பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. பாறைச் சுவரில் உள்ள பழைய ஓவியங்களைப் படமெடுக்கக் கூடாது. பாறையில் குளவிக்கூடுகள் இருப்பதால், விசிலும் கூச்சலும் கீழேயே முடிந்துவிடட்டும்.

6. பொலன்னறுவை

இதற்கு ஒரு முழு நாள் கொடுங்கள். வாடகைச் சைக்கிள் எடுத்தால் இடிபாடுகளுக்கு நடுவே மரநிழலிலேயே சுற்றலாம். சோழர்கள் இந்த ஊரை ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டுத் தலைநகராக வைத்திருந்தார்கள். 1070-இல் சிங்கள மன்னர் முதலாம் விஜயபாகு அவர்களை விரட்டினார். இரண்டாம் சிவ தேவாலயம் என்று பலகை வைத்திருக்கும் சின்னக் கற்கோயில் சோழர்கள் கட்டியதுதான், வானவன்மாதேவி ஈஸ்வரம். பலர் கடைசியில் அவசரமாக எட்டிப் பார்க்கிறார்கள். நீங்கள் சுவரருகே நின்று பாருங்கள், தமிழ்க் கல்வெட்டு கண்ணில் படும்.

அடுத்தது கல் விகாரை. மன்னர் முதலாம் பராக்கிரமபாகு காலத்தில், 12-ஆம் நூற்றாண்டில், ஒரே பாறையில் செதுக்கிய சிலைகள். படுத்த புத்தர் 14 மீட்டர் நீளம். தலையணையைப் பாருங்கள்: தலை அழுத்திய இடம் லேசாகக் குழிந்திருக்கும், கருங்கல்லில்! பாதங்களையும் பாருங்கள். இரண்டும் சரிசமமாக இல்லாமல் ஒன்று சற்றே பின்னால் தள்ளியிருக்கும். தூங்கவில்லை, பரிநிர்வாணம், அதாவது இறுதி முக்தி அடைந்துவிட்டார் என்பதற்கு அதுவே அடையாளம் என்பார்கள்.

இங்கேதான் சாக்ஸ். புனித இடங்களில் செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். மதியக் கல் தோசைக்கல்லாகக் கொதிக்கும். தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். புத்தருக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுப்பது அங்கே பெரிய அவமரியாதை, காவலர்கள் விடமாட்டார்கள்.

திரும்பும்போது பழைய ஊர் நிறுத்தத்தில் காத்திருக்காமல், நாலு கிலோமீட்டர் தள்ளியுள்ள கதுருவெல பஸ் நிலையத்துக்கே போய் ஏறுங்கள், உட்கார இடம் கிடைக்கும்.

7. கணக்கு

மிச்சப் பணத்தைக் கட்டுநாயக்காவிலேயே மாற்றி, அங்கேயே பிரித்துக்கொள்ளுங்கள். மீனம்பாக்கத்தில் இறங்கிவிட்டால் எந்த மச்சானும் ஃபோன் எடுக்க மாட்டான்.