துண்டில் புதுச் சீனிக் குளிசை எழுதியிருந்தால் என்ன செய்ய வேண்டும்?

ஆரையம்பதிப் பக்கம் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னர் சீனி வருத்தக்காரரின் துண்டில் என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்லலாம்: மெட்போமின், அதோடு கிளிபென்கிளமைட் அல்லது கிளிக்லசைட், அதற்கும் அடங்காவிட்டால் இன்சுலின். இப்போது பெரியாஸ்பத்திரி நிபுணர் மட்டுமில்லை, ஊர் டிஸ்பென்சரி டொக்டரும் சிற்றாகிளிப்டின், டபாகிளிபுளோசின் என்று எழுதுகிறார். முதல் வரியில் பெரும்பாலும் இன்னும் மெட்போமின்தான், மாறியிருப்பது இரண்டாவது வரி. அந்த வரி விளங்காமல் குளிசை போடுகிற ஆட்களைத் தினமும் காண்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பெயரின் வாலைப் பாருங்கள். பெட்டியில் பெரிதாக இருப்பது கம்பனி வைத்த பெயர், அதை விடுங்கள். கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்து. அது ‘கிளிப்டின்’ என்று முடிந்தால் ஒரு குடும்பம், ‘கிளிபுளோசின்’ என்று முடிந்தால் இன்னொரு குடும்பம், ‘டைட்’ என்று முடிந்தால் பெரும்பாலும் ஊசி. ஒரே குடும்பத்தில் இரண்டு மருந்து ஒன்றாகப் போடக்கூடாது. கிளிப்டினும் ‘டைட்’ ஊசியும் சேர்ந்தாலும் பெரிய பிரயோசனம் இல்லை.

கொக்கட்டிச்சோலையிலிருந்து மண்முனைப் பாலம் கடந்து வந்த ஒரு அம்மா, சொப்பிங் பேக்கை அப்படியே மேசையில் கொட்டினா. கிளினிக்கில் கொடுத்த மெட்போமின் 500, காலையில் இரண்டு, இரவில் இரண்டு. அதோடு சிற்றாகிளிப்டின். பிறகு பிரைவேட்டில் காட்டிய இடத்தில் எழுதிய இன்னொரு குளிசை, அதற்குள் வில்டாகிளிப்டின் 50உம் மெட்போமின் 850உம் சேர்ந்தே இருக்கிறது, அதுவும் நாளைக்கு இரண்டு. கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 3,700 மில்லிகிராம் மெட்போமின், கிளிப்டினிலும் இரண்டு. வழமையாக மெட்போமின் 2,000 வரைதான் எழுதுவார்கள். “ரெண்டும் வேற வேற நிறந்தானே மனே” என்றா. பிழை அவவில் இல்லை, இரண்டு டொக்டருக்கும் மற்றவர் எழுதியது தெரியாது. அதனால் எங்கே காட்டப் போனாலும் கிளினிக் கொப்பியோடு வீட்டிலுள்ள குளிசைப் பெட்டி எல்லாவற்றையும் கொண்டு போங்கள்.

அடுத்தது, ஏன் எழுதினார் என்று கேளுங்கள். “டொக்டர், இது இதயத்துக்காகவா, கிட்னிக்காகவா, சீனிக்கு மட்டுமா?” என்று கேட்டால் எவரும் கோபிக்க மாட்டார். முன்பு சீனி எத்தனை என்று பார்த்தே மருந்து கூட்டினார்கள். 2015இல் எம்பாகிளிபுளோசின் ஆய்வு முடிவு வந்து, இதய வருத்தமுள்ள சீனி நோயாளரிடம் இதயத்தால் வருகிற மரணத்தை அது குறைக்கிறது என்று தெரிந்த பிறகு கதை மாறியது, கிட்னியையும் இந்தக் குடும்பம் காக்கிறது என்று அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின, 2021இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே உங்கள் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சீனி, ஓரளவு நல்லாக இருந்தாலும், கிட்னி ரிப்போர்ட்டைப் பார்த்து டொக்டர் இதை எழுதலாம். கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினினும் ஈ-ஜி-எப்-ஆரும் உள்ள ரிப்போர்ட், சலத்தில் புரதம் பார்த்த ரிப்போர்ட், இதயத்தை ஸ்கேன் பண்ணுகிற எக்கோ எடுத்திருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும். ஈ-ஜி-எப்-ஆர் 30க்குக் கீழே என்றால் மெட்போமினை நிறுத்த வேண்டும், கிளிப்டின்களில் லினாகிளிப்டினுக்குக் கிட்னி பார்த்து அளவு குறைக்கத் தேவையில்லை.

கிளிபுளோசின் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும். இது சீனியைச் சலத்தோடு வெளியே தள்ளுகிறது, தண்ணீரும் கூடவே போகும். சலத்தில் சீனி பார்த்தால் எப்போதும் நிறையக் காட்டும், பயப்படாதீர்கள். சலம் போகிற இடத்தில் கடி வரலாம், கழுவித் துடைத்து வைத்திருங்கள், வந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். கச்சான் காற்று வீசுகிற ஆடி ஆவணியில் வயல் வட்டைக்குள் நிற்கிறவர்கள் தண்ணீர்ப் போத்தலை வாடியில் விட்டுவிட்டுப் போகக்கூடாது. பிறஷர் குளிசையும் சலம் போகிற குளிசையும் சேர்த்துப் போடுகிறவர் எழும்பும்போது தலை சுற்றினால் டொக்டரிடம் காட்ட வேண்டும். காய்ச்சல், வயிற்றோட்டம், சத்தி வந்து சாப்பிட முடியாத நாளில் கிளிபுளோசினையும் மெட்போமினையும் நிறுத்தி டொக்டரைக் கேளுங்கள், இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தக்கூடாது. சத்தி, வயிற்றுவலி, மூச்சு வேகமாக வாங்குவது மூன்றும் சேர்ந்தால், மெஷினில் சீனி 180தான் காட்டினாலும் உடனே ஆஸ்பத்திரி. இரத்தத்தில் அமிலம் கூடுகிற ஆபத்து அது, சீனி பெரிதாக ஏறாமலே வரும். ஒப்பரேஷன் என்றால் கிளிபுளோசினைக் குறைந்தது மூன்று நாளுக்கு முன் நிறுத்த வேண்டும், திகதி கிடைத்தவுடனே டொக்டரிடம் சொல்லி வையுங்கள். நோன்பு பிடிக்கிறவர்களும் கந்தசஷ்டி விரதக்காரரும் சில கிழமைக்கு முன்பே போய்க் கேட்க வேண்டும், விரதத்துக்கு முதல் நாள் புதிதாகத் தொடங்கக்கூடாது.

கிளிப்டினில் அவ்வளவு தொல்லை இல்லை, சீனியை அளவுக்கு மேல் விழுத்துவதும் குறைவு. ஆனால் எந்தப் புது மருந்தும் கிளிக்லசைட் அல்லது இன்சுலினோடு சேர்ந்தால் சீனி 70க்குக் கீழே இறங்கலாம், வியர்த்து நடுங்கினால் சீனித் தண்ணீர் குடியுங்கள். “பழைய குளிசையைக் குறைக்க வேணுமா?” என்று புதிது தொடங்குகிற அன்றே கேளுங்கள்.

‘டைட்’ ஊசிகளில் செமாகுளூட்டைட் மாதிரியானவை கிழமைக்கு ஒருமுறை. ஆரம்பத்தில் குமட்டும், அதனால்தான் சின்ன அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுகிறார்கள். திறக்காத ஊசிப் பேனை பிரிட்ஜில் வையுங்கள், பிரீசரில் வேண்டாம், உறைந்தால் எறிந்துவிட வேண்டியதுதான். மெலிவதற்கென்று டொக்டர் இல்லாமல் ஒன்லைனில் வாங்கவே வாங்காதீர்கள்.

காசு விஷயத்தையும் மறைக்க வேண்டாம். ஒரு மாதத்துக்கு எவ்வளவு வரும் என்று முதலே எங்களிடம் விசாரியுங்கள். முடியாது என்றால், ஒருநாள் விட்டு ஒருநாள் போடாமல், அதை டொக்டரிடமே சொல்லுங்கள். கிளினிக்கில் இருக்கிற மருந்தை வைத்து மாற்றி எழுத வழி இருக்கும்.