ஏற்றமும் இல்லை, லாரியும் இல்லை: குமரி மாவட்டச் சானல் கரையில் சைக்கிள் ஓட்டத் தொடங்குவது எப்படி?

புதிதாகச் சைக்கிள் வாங்கும் பலர் சில வாரங்களிலேயே அதை மாடிப்படிக்கு அடியில் நிறுத்திவிடுகிறார்கள். சோம்பல் என்று சொல்வார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ரோட்டில் இறங்கிப் பாருங்கள், ஒரு பக்கம் கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகும் பெரிய லாரிகள், அது போதாதென்று ரோடே ஏறி இறங்கி மறுபடி ஏறும், கல்குளம் விளவங்கோடு தாலுகாக்களில் அரை கிலோமீட்டர் சமதளம் கிடைப்பதே அபூர்வம். இதில் எவன் தினமும் ஓட்டுவான்?

வழி இருக்கிறது. தண்ணீரைப் பின்தொடருங்கள், அதாவது ஊரில் சானல் என்று சொல்லும் பாசனக் கால்வாயின் கரையை.

பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. கட்டிய இன்ஜினியர் மிஞ்சினை ஊரில் இன்றும் மூக்கன் துரை என்றுதான் சொல்கிறார்கள். கோதையாறு பாசனத்தில் பிரிந்து போகும் தோவாளை சானல், அனந்தனாறு சானல், பட்டணங்கால், பத்மநாபபுரம் புத்தனாறு எல்லாவற்றிலும் தண்ணீர் தானாக ஓட வேண்டும், மோட்டார் வைத்துத் தள்ள முடியாது. அதனால் குன்று வந்தால் அதைச் சுற்றி, பள்ளம் வந்தால் தொட்டி கட்டித் தாண்டி, மட்டம் பெரிதாக மாறாமல் கொண்டு போயிருக்கிறார்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், 115 அடி உயரத்தில், ஏறத்தாழ 1,200 அடி நீளத்துக்குப் பறளியாற்றைத் தாண்டுகிறது, எல்லாம் தண்ணீர் மட்டம் விடக்கூடாது என்பதற்காக. தண்ணீருக்கு ஏற்றம் இல்லையென்றால் அதன் கரையில் போகும் உங்களுக்கும் இல்லை. கரையோரம் அதிகாரிகள் ஜீப்பில் போய்ப் பார்ப்பதற்காக விட்ட சரல் (சரளைக்கல்) பாதைதான் நமக்கு வேண்டியது.

முதல் வேலை, பாதையைக் கண்டுபிடிப்பது

கூகுள் மேப்பைத் திறந்து சாட்டிலைட் படத்துக்கு மாற்றுங்கள். சாதாரண மேப்பில் சானல் கரை பல இடங்களில் பாதையாகவே வராது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சானலைப் பிடித்து, அதை ஒட்டிப் போகும் வெளிறிய பழுப்புக் கோட்டைப் பாருங்கள். அகலமான கோடு பெரும்பாலும் பள்ளத்துப் பக்கக் கரையில்தான் இருக்கும், மேட்டை வெட்டிய மண்ணை அந்தப் பக்கம் போட்டுத்தான் கரை உயர்த்துவார்கள். தென்னை மரம் மூடி ஒன்றும் தெரியாத இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கே நேரில் போனால்தான் உண்டு. பாலம், மடை, ஷட்டர் வரும் இடங்களையும் குறியுங்கள், பாதை கரை மாறுவது அங்கேதான்.

ரப்பர் தோட்டத்துக்குள் போகும் அழகான மண் பாதைகளும் மேப்பில் தெரியும். ஆசைப்படாதீர்கள். தனியார் தோட்டம் என்றால் கேட் இருக்கும், கீரிப்பாறை பக்கம் மலையடிவாரத்துக்குப் போய்விட்டால் வனத்துறைப் பகுதி, அனுமதி வேண்டும், யானையும் உண்டு.

சைக்கிள்

இதற்கென்று தனியாக கிராவல் பைக் வாங்கச் சொல்லும் வீடியோக்களை மூடிவிடுங்கள். டயர் 35 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக இருந்தால் போதும். ஹைபிரிட் சைக்கிள் சரி, எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) சரி. தாத்தா காலத்துக் கறுப்பு சைக்கிள் இருக்கிறதே, அதன் டயரில் 28 x 1½ என்று போட்டிருக்கும், ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் அகலம், அதாவது கடையில் லட்ச ரூபாய்க்கு விற்கும் சைக்கிளின் டயர் அகலத்துக்கு அதுவும் பக்கத்தில் வருகிறது. பிரேக் கட்டையை மட்டும் மாற்றி, இறுக்கிக்கொள்ளுங்கள். ரோடு ரேசுக்கான ஒல்லி டயர் சைக்கிள் மட்டும் சரிப்படாது.

அப்புறம் காற்று. இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். பஞ்சர் கடையில் கல் மாதிரி அடித்துக் கொடுப்பார்கள், சரலில் அது துள்ளித் துள்ளி மணிக்கட்டை உடைத்துவிடும். 60, 65 கிலோ எடை உள்ளவருக்கு 40 மில்லிமீட்டர் டயரில் முன்னால் 35, பின்னால் 40 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்துத் தொடங்கலாம். மீட்டர் இல்லையா, கட்டைவிரலால் அழுத்தினால் டயர் கொஞ்சம் உள்ளே போக வேண்டும், ஆனால் நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகு ரிம் தரையில் இடிக்கக் கூடாது. குறைத்தது அதிகமாகிவிட்டால் கல்லில் ஏறும்போது ட்யூபில் பாம்பு கொத்தியதுபோல் அடுத்தடுத்து இரண்டு ஓட்டை விழும். அப்படிப் பார்த்தால் முள் தேட வேண்டாம், காற்றைக் கூட்டுங்கள்.

வால்வையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். சில கியர் சைக்கிளில் ஒல்லியான பிரெஸ்டா வால்வு இருக்கும், ஊர்ப் பஞ்சர் கடைப் பம்ப் அதில் உட்காராது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டு வையுங்கள்.

முதல் ஓட்டம்

போன வழியே திரும்பி வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், போக ஐந்து கிலோமீட்டர், வர ஐந்து. சுற்றி வரும் வழி போட்டால் கடைசியில் எங்கேயாவது ஹைவேயில்தான் கொண்டு விடும். சரலில் மணிக்கு 12 கிலோமீட்டர் வந்தாலே நல்ல வேகம், ரோட்டுக் கணக்கை இங்கே போடாதீர்கள்.

ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். முன் சக்கரம் சரலில் கொஞ்சம் அப்படி இப்படி நெளியும், நெளியட்டும், நீங்கள் தடுக்கப் போனால்தான் விழுவீர்கள். பார்வை பத்துப் பதினைந்து அடி முன்னால், சக்கரத்துக்குக் கீழே இல்லை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கி நேராகச் சானலுக்குள். கொஞ்சம் கனமான கியரில், நிதானமாக, விட்டுவிடாமல் மிதித்தால் சைக்கிள் தானாக நிமிர்ந்து போகும்.

வண்டி வராத பாதைதான், ஆனால் ஆளில்லாத பாதை இல்லை. படித்துறைகளில் காலையில் பெண்கள் குளிப்பார்கள், துணி துவைப்பார்கள். தூரத்திலேயே பெல் அடித்து, இறங்கி, தள்ளிக்கொண்டு தாண்டுங்கள், போன் பைக்குள் இருக்கட்டும், ஹெல்மெட்டில் கேமரா இருந்தால் அணைத்துவிடுங்கள். இதை ஒருவர் மீறினால் அடுத்த வாரம் அந்தக் கரையில் யாரையும் விடமாட்டார்கள், அது நியாயமும்கூட. புல்லுக்கட்டோடு வரும் ஸ்கூட்டருக்கு வழி விடுங்கள். நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நில்லுங்கள், பெரும்பாலும் குரைத்துவிட்டுப் போய்விடும்.

எப்போது போவது? வழக்கமாக ஜூனில் அணை திறந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். நமக்கு இரண்டு மழையும் உண்டு, அக்டோபர், நவம்பரில் செம்மண் கரை டயரில் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. ஜனவரியில் தொடங்குவது நல்லது, கரை காய்ந்திருக்கும், சானலில் தண்ணீரும் ஓடும், வழியில் அக்கானி (பதநீர்) இறக்குபவர்கள் கண்ணில் படலாம். மார்ச்சுக்குப் பிறகு தூர் வாரிய சேற்றைக் கரையிலேயே குவித்து வைத்திருக்கக்கூடும்.

கடற்கரைப் பக்கம்

இது இரண்டாவது கட்டம். சுசீந்திரம், தேரூர் குளங்களையும் (உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் ராம்சர் பட்டியலில் 2022 முதல் இருக்கின்றன) அங்கே வந்து இறங்கும் பறவைகளையும் பார்த்துவிட்டு, பழையாற்றோடு தெற்கே இறங்கினால் மணக்குடியில் அது கடலில் சேர்கிறது. கரைப்பாதை முழுக்கத் தொடர்ந்து வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், விட்ட இடத்தில் ஊருக்குள் போகும் சின்ன ரோட்டைப் பிடித்து மறுபடி சேர்ந்துகொள்ளலாம். புத்தளம், சாமித்தோப்பு பக்கம் உப்பளங்களின் வரப்பு இறுகிப்போய் ஓட்டுவதற்கு அருமையாகத் தெரியும், ஆனால் அது வேலை நடக்கும் இடம், “அண்ணாச்சி, இந்த வழியா போகலாமா?” என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

காய்ந்த கடல் மணலில் இந்த டயர் ஓடாது, தள்ளத்தான் வேண்டும். பொழி (ஆறு கடலில் சேரும் வாய்) மூடியிருக்கும் மாதங்களில் மணல் திட்டு வழியாக அக்கரைக்குப் போய்விடலாம் என்று தோன்றும், மழைக்கு அது உடைத்துக்கொண்டால் திரும்ப வழி இருக்காது. காய்கிற வலையின் மேல் சக்கரம் ஏறவே கூடாது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து காற்று அடித்து நொறுக்கும். போகும்போது மேற்கே போங்கள், களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்கள் மொட்டை மாடியில் நின்று காற்றாலையைப் பார்த்தால் போதும், இறக்கை எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறதோ அங்கிருந்துதான் காற்று.

பஞ்சர்

நெருஞ்சியும் உடைமுள்ளும் உள்ள ஊர், ஒரு நாள் ஆகத்தான் செய்யும். ஒரு ட்யூப், டயர் கழற்ற இரண்டு லீவர், கைப் பம்ப், நகவெட்டி இவ்வளவு போதும். டயரைக் கழற்றி ட்யூபை மாற்றுவதற்கு முன், உள்பக்கத்தில் ஒரு துணியைச் சுருட்டி மெதுவாக ஓட்டுங்கள், வெறும் விரல் வேண்டாம். துணி எங்கே சிக்கி நிற்கிறதோ அங்கே முள். உடைமுள் வெளியே ஒடிந்து, முனை மட்டும் உள்ளே மயிரளவு நீட்டிக்கொண்டிருக்கும், நகத்துக்கு அகப்படாது. டயரை அந்த இடத்தில் வெளிப்புறமாக மடக்கினால் முனை இன்னும் கொஞ்சம் எழும்பும், நகவெட்டியின் வாயால் வெட்டிவிடாமல் கவ்வி இழுங்கள். அதை எடுக்காமல் புது ட்யூபைப் போட்டால் நூறு மீட்டரில் அதுவும் போய்விடும்.

உப்பளப் பக்கம் போய் வந்த அன்றே சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவி, செயினைத் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு எண்ணெய் விடுங்கள். தையல் மிஷின் எண்ணெய்கூடப் பரவாயில்லை, அடிக்கடி விட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். வீட்டில் எவ்வளவு இருந்தாலும் தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுத்து, சானல் கரைச் சரலையெல்லாம் செயினில் ஒட்ட வைத்துவிடும்.